முறைத் தண்ணீரும் நூறு மணி நேரக் கதைகளும்

தண்ணீர் குறைவான ஆண்டுகளில் எங்கள் பக்கம் முறை வைத்துத்தான் விடுவார்கள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. எங்கள் ஊர் பாமணியாற்றுப் பாசனம், மன்னார்குடிக்கும் தெற்கே, கடைமடையை ஒட்டியது. ஆற்றுக்கு ஒரு முறை என்றால் வாய்க்காலுக்குள் வயல்காரர்களுக்கு இன்னொரு முறை. ஒரு சம்பாவில் எங்கள் ஒன்பது மா நிலத்துக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு முறை விழுந்தது. பன்னிரண்டரைக்கே போய் வரப்பில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டேன். கையில் மண்வெட்டி, டார்ச், தோள் துண்டு. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வாங்கி வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க கேம் கருவியும் இருந்தது.

அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது செனோபிளேட் க்ரானிக்கிள்ஸ் 3. 2022-இல் வந்த கேம். அதில் இரண்டு நாடுகள், கெவெஸ், ஆக்னஸ் என்று. ஓயாத போர். படைவீரர்களுக்கு ஆயுள் பத்தே ஆண்டு. குழந்தைப் பருவம் கிடையாது. இளவயதிலேயே உருவாகி வருகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பத்து ஆண்டு முடிந்தால் போய்விடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் அந்தப் பத்தைக்கூட எட்டுவதில்லை. நோவா என்ற பையனின் வேலை, செத்து விழுந்தவர்களுக்காகப் புல்லாங்குழல் வாசித்து வழியனுப்புவது. போர்க்களத்தில் சடலங்களுக்கு நடுவே நின்று அவன் வாசிக்க, உடல்களிலிருந்து துகள்கள் எழும்பிக் காற்றில் கலக்கின்றன. எதிர்நாட்டு மியோவுக்கும் அதே வேலை. அவள் குழலின் மெட்டு வேறு. இரண்டு மெட்டுகளும் சேர்ந்து ஒலிக்கும் இடம் ஒன்று வருகிறது. சுற்றிலும் தவளைச் சத்தம், மேல்வயலில் தண்ணீர் பாயும் சலசலப்பு. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, இவ்வளவு நல்ல காட்சியைத் தந்த அதே கேம் அடுத்த அரை மணி நேரத்தில் என்ன செய்தது? நான் என்றைக்கோ கற்றுக்கொண்டு தினமும் செய்துகொண்டிருந்த ஒரு வேலையைத் திரையை நிறுத்தி, கட்டம் போட்டு, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

பத்துப் பதினைந்து வருடமாக ஜேஆர்பிஜி என்று சொல்லப்படும் ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம்களை விளையாடி வருகிறேன். பகலில் மன்னார்குடியில் உரக்கடைக் கணக்கு, காலையிலும் சாயங்காலத்திலும் வயல், மிச்சமிருக்கும் நேரத்தில் இது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். காலம் என்றால் என்ன என்று இந்த கேம்கள் அளவுக்கு ஆழமாக யோசிக்கும் கேம்கள் வேறில்லை. விளையாடுகிறவனின் காலத்தை இவ்வளவு அலட்சியமாகக் கையாளும் கேம்களும் வேறில்லை. இரண்டும் ஒரே கேமுக்குள் இருக்கின்றன. அதுதான் எனக்கு ஆற்றாமை.

(பெர்சோனா 5 ராயல், நியர் ஆட்டோமேட்டா, டிராகன் க்வெஸ்ட் 11 மூன்றின் கதை முடிச்சுகளையும் கீழே பேசியிருக்கிறேன். விளையாடப் போகிறவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.)

முதலில் சண்டை. 1986-இல் டிராகன் க்வெஸ்ட்டும் 1987-இல் ஃபைனல் ஃபேன்டசியும் போட்டுக் கொடுத்த வழி, டர்ன் பேஸ்ட். நீ ஒரு அடி, அவன் ஒரு அடி. தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகனுக்கு இது ஆகவே ஆகாது. "எந்தச் சண்டையில மாமா, வரிசையில நின்னு அடி வாங்குவாங்க?" என்று கேட்பான். ஒருநாள் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆக்டோபாத் டிராவலர் 2-இல் ஒரு பாஸ் சண்டையை, அதாவது பெரிய எதிரியோடு நடக்கும் சண்டையைக் காட்டினேன்.

எதிரிக்குக் கீழே ஒரு கேடயமும் அதில் ஒரு எண்ணும் இருக்கும். எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆயுதம், எந்த மந்திரம் அவனுக்கு ஆகாது என்று கண்டுபிடித்து அதில் அடித்தால் எண் ஒவ்வொன்றாகக் குறையும். பூஜ்யம் ஆனால் அவன் நிலைகுலைந்து தன் முறையை இழப்பான், அப்போது விழும் அடியும் பலமாக விழும். நம் ஆட்களுக்கோ முறைக்கு ஒரு புள்ளி சேரும். ஐந்து வரை சேர்த்துவைக்கலாம், ஒரே நேரத்தில் மூன்று வரை செலவழிக்கலாம். ஆக, அடிக்கும் முறையில் அடிக்காமல் இருப்பதும் ஒரு முடிவு. இப்போதே புள்ளிகளைக் கொட்டி அடிப்பதா, அவன் கேடயம் இரண்டுக்கு வரும்வரை பொறுப்பதா, அதற்குள் நம் ஆள் தாங்குவானா? மருமகன் முதலில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேடயம் மூன்றுக்கு வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்தான். ஒன்றுக்கு வந்தபோது, "அடிக்காதீங்க மாமா, இருங்க, மருந்து கொடுத்துட்டு அடிங்க" என்றான்.

வரிசையில் நிற்பதாக அவனுக்குப் பட்டது உண்மையில் மடையை எப்போது திறப்பது என்ற கணக்கு. தண்ணீர் வரும் நேரம் நம் கையில் இல்லை, வந்த தண்ணீரை எந்த வயலுக்கு முதலில் விடுவது என்பது நம் கையில். டெல்டாவில் பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வரப்பில் விளையாடுகிறவனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. மேல்வயல்காரர் குரல் கொடுத்தால் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம். மடையை வெட்டிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் கட்டளைப் பட்டியல் நான் விட்ட இடத்தில் நிற்கும்.

மருமகன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவன் வீட்டு பிளேஸ்டேஷனில் 2024-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த்தை விளையாடிப் பார்த்தேன். ஓடிக்கொண்டே அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க ஒரு பட்டை நிரம்பும், நிரம்பியதும் கட்டளைப் பட்டியலைத் திறந்தால் உலகமே மெதுவாகும், யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம். பழைய யோசனையும் புதிய வேகமும் அதில் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் சேர்ந்திருக்கின்றன. அதற்கு முந்தின ஆண்டு வந்த ஃபைனல் ஃபேன்டசி 16 முழு ஆக்‌ஷனுக்குப் போய்விட்டது. கூட வருகிறவர்களை நாம் ஆட்டிவைக்க முடியாது, நாய்க்கு மட்டும் கட்டளை கொடுக்கலாம். ராட்சதப் பிறவிகள் மோதும் காட்சிகள் அதில் பிரமாதம். அது ஒரு குழுவின் பயணம் என்ற உணர்வு மட்டும் எனக்கு வரவேயில்லை.

காலத்தைப் பற்றிச் சொன்னேனே, அதற்குப் பெர்சோனா 5 ராயல்தான் சரியான இடம். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒரு பையன் டோக்கியோவில் ஒரு காபிக் கடையின் பரணில் குடிவைக்கப்படுகிறான். ஏப்ரல் 9-இல் தொடங்கி ஒவ்வொரு நாளாக நாள்காட்டி நகர்கிறது. பள்ளி விட்டதும் ஒரு வேலை, ராத்திரி ஒரு வேலை, அவ்வளவுதான் ஒரு நாளுக்கு. நண்பனைப் பார்க்கப் போனால் படிக்க முடியாது. படித்தால் பகுதிநேர வேலை போகும். மழை நாளில் உணவகத்தில் உட்கார்ந்து படித்தால் கூடுதலாக மண்டையில் ஏறும் என்று ஒரு சின்ன விதியும் வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் அந்தக் கடையும் தெருவும் ரயில் நிலையமும் நம் ஊர் போல ஆகிவிடுகின்றன. பெரிய வரைபடம் காட்டி மலைக்கவைக்கும் கேம்கள் நிறைய உண்டு. ஒரு தெருவை வருடம் முழுக்க நடக்கவைத்து அதை நமக்குச் சொந்தமாக்குவது அபூர்வம். காவிரியும் கல்லணையும் வெளியூர்க்காரர்களுக்குப் பெரிசு. எனக்கு என் வாய்க்காலில் எந்த இடத்தில் நண்டு வளை போடும் என்பதுதான் ஊர். பெர்சோனா அந்த அளவில் ஊரைப் புரிந்துவைத்திருக்கிறது.

இந்தக் கைவேலை பெர்சோனாவோடு நிற்பதில்லை. ஃபால்காம் நிறுவனத்தின் ட்ரெயில்ஸ் வரிசையில், கதை ஒரு படி நகர்ந்தால் ஊரில் இருக்கும் எல்லாருடைய பேச்சும் மாறும். ரொட்டிக்கடைக்காரருக்கும் அவர் மகளுக்கும் இடையே ஒரு மனத்தாங்கல் நம்மை அறியாமலே வளர்ந்து தீரும். யாரும் கேட்கச் சொல்வதில்லை. கேட்பவருக்காக எழுதிவைத்திருக்கிறார்கள்.

இப்படி ஊரைச் செதுக்கத் தெரிந்தவர்கள்தான் நம்மை நம்பாமலும் இருக்கிறார்கள். பெர்சோனா 5-இல் ஒரு சம்பவம் நடக்கும். நடந்ததைப் பற்றி உடனே கூடிப் பேசுவார்கள். ராத்திரி அதையே செல்போனில் குறுஞ்செய்தியாகப் பேசுவார்கள். மறுநாள் கூடி, நேற்று என்ன பேசினோம் என்று பேசுவார்கள். அப்புறம் அந்தப் பூனை மோர்கானா, "இன்றைக்குக் களைப்பாக இருப்பாய், தூங்கு" என்று அனுப்பிவிடும். ஒரு நாளுக்கு இரண்டே வேலை என்று கஞ்சத்தனமாகக் கொடுத்துவிட்டு அதையும் பிடுங்கிக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் வருத்தம் என்னவென்றால், ராயல் பதிப்பின் மிகச் சிறந்த பகுதி ஜனவரியில் வருகிறது, கிட்டத்தட்ட நூறு மணி நேரம் கழித்து. வலியே இல்லாத உலகத்தை எல்லாருக்கும் தருகிறேன் என்று ஒரு மனநல ஆலோசகர் நிற்கிறார். அவரை மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது, அவ்வளவு நல்ல மனிதர். ஆனால் நவம்பர் 18-க்குள் அவருடனான நட்பை ஒன்பதாம் நிலைக்குக் கொண்டுவராவிட்டால் அந்தப் பகுதியே திறக்காது. அந்தத் தேதியை கேம் நம்மிடம் நேராகச் சொல்வதும் இல்லை. பட்டன் எது என்று பத்துத் தடவை சொல்கிறவர்கள், இதை மட்டும் ஏன் சொல்லக்கூடாது?

ரீபர்த்திலும் இதே நோவு. கார்மேகம் கவிந்த பெரிய கதை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு புதிய பிரதேசத்திலும் கோபுரம் கோபுரமாக ஏறித் திறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சாட்லி என்ற பையன் குறுக்கே வந்து விளக்கம் கொடுப்பான். சீட்டாட்டம், பியானோ, பந்தயம் என்று மினிகேம்களுக்கு முடிவில்லை. சீட்டாட்டம் அருமையாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1997-இல் ஒரே கேமாக முடிந்த கதையை மூன்று கேமாக நீட்டும்போது, நீட்டியதை எதைக்கொண்டு நிரப்பினார்கள் என்று பார்க்கத்தானே வேண்டும்? சிறு வயதில் அப்பாயியோடு கும்பகோணத்தில் கதாகாலட்சேபம் கேட்டிருக்கிறேன். பத்து நாள் நடக்கும். பாகவதர் கதையை விட்டு எங்கெங்கோ போவார், ஒரு ராத்திரி முழுக்கக் கிளைக்கதையிலேயே கழியும். ஆனால் திரும்பி மூலக்கதைக்கு வரும்போது அந்தக் கிளைக்கதை அதில் ஒட்டிக்கொண்டு வரும். நீளம் எனக்குப் பகையில்லை. திரும்பி வராத நீளம்தான் பகை.

2025-இல் கிளேர் அப்ஸ்க்யூர் என்று ஒரு டர்ன் பேஸ்ட் கேம் வந்தது. செய்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஜப்பானிய கேம்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பது ஒவ்வொரு திரையிலும் தெரிகிறது. முப்பது மணி நேரத்தை ஒட்டி மூலக்கதை முடிந்துவிடுகிறது. படித்த பள்ளிக்கே பாடம் எடுத்ததுபோல் இருந்தது எனக்கு.

சொல்லியே ஆக வேண்டிய இன்னொரு குறை இருக்கிறது. பெர்சோனா 5-இன் முதல் அத்தியாயத்தில் ஒரு விளையாட்டு ஆசிரியர் வருகிறார். வாலிபால் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுப்பவர் என்பதால் பள்ளி அவரை ஒன்றும் கேட்பதில்லை. மாணவர்களை அடிக்கிறார், மாணவிகளிடம் அத்துமீறுகிறார், ஒரு பெண் மாடியிலிருந்து குதிக்கிறாள். அவளுடைய தோழி ஆன் கோபத்தில் எழுந்து நிற்கும் இடம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத பள்ளிக்கூடத்தைத் தெரியாத ஊர் எது? அடுத்த அத்தியாயத்திலேயே, அதே ஆன் ஒரு ஓவியனுக்கு நிர்வாண மாடலாக நிற்க வேண்டும் என்று கதை போகிறது. அவள் சங்கடத்தை வேடிக்கையாக்குகிறார்கள். கூட நிற்கும் நண்பர்களும் அவளைப் போகச் சொல்கிறார்கள். அவளுக்காகப் போராடியவர்கள் இவர்கள்தானே என்று கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். என் அக்கா மகளுக்கு இந்த கேமைக் கொடுக்க ரொம்ப நாள் ஆசை. அந்த அத்தியாயம் நினைவுக்கு வரும்போதெல்லாம் கை பின்வாங்குகிறது. ஜப்பானிய வழக்கம் அப்படி என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். எழுதியவர்களுக்குத் தவறு தெரியாது என்றால் முதல் அத்தியாயத்தை அவர்களால் எழுதியிருக்கவே முடியாது.

காலத்தைக் கேட்டு வாங்கி, வாங்கியதற்கு மரியாதை செய்த கேம் என்றால் 2017-இல் வந்த நியர் ஆட்டோமேட்டா. யோகோ டாரோ இயக்கியது. முடிவுகள் பல. ஐந்தாவது முடிவில், கேமைச் செய்தவர்களின் பெயர்களே எதிரிகளாகத் திரையில் இறங்கி நம்மைச் சுடுகின்றன. தனியாக அதைத் தாண்டுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். செத்துச் செத்துப் போகும்போது உதவி வேண்டுமா என்று கேட்கும். சம்மதித்தால் உலகத்தில் எங்கெங்கோ விளையாடியவர்கள் துணைக்கு வருவார்கள், பாட்டு கூட்டுக்குரலாக மாறும். முடித்ததும் ஒரு கேள்வி: முகம் தெரியாத ஒருவருக்கு இதேபோல் உதவ, உன் சேவ் (இதுவரை விளையாடியதன் பதிவு) முழுவதையும் அழிக்கச் சம்மதமா? அந்த ஆள் உனக்குப் பிடிக்காதவராகவும் இருக்கலாம், நன்றியும் சொல்லமாட்டார் என்று கேம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நான் சம்மதம் என்றேன். சேர்த்த ஆயுதங்கள், வரைபடம், எல்லாம் ஒவ்வொரு பக்கமாக என் கண் முன்னால் அழிந்தன. நாற்பது மணி நேரத்துக்கு மேல் அதில் போட்டிருந்தேன். அந்தக் காலமெல்லாம் வீண் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

கடைசியாக டிராகன் க்வெஸ்ட் 11. எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது. கோயிலுக்குப் போய்ச் சொல்லி சேவ் செய்யும் வழக்கத்தை இன்றைக்கும் விடாதவர்கள். பாதிக் கதையில் உலக மரம் விழுகிறது. ஊர்கள் அழிகின்றன. கூட வந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறுகிறார்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தபோது கொல்லையில் அப்பா வைத்த தென்னைகளில் இரண்டுதான் நின்றன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்தது. எங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த கேமை நான் விளையாடியது அதற்கு இரண்டு வருடம் கழித்து. விழுந்த உலகத்தில் சில்வாண்டோ என்ற கூத்துக்காரன், மனம் ஒடிந்த ஆட்களைத் திரட்டி, ஆட்டம்பாட்டத்தோடு ஊர் ஊராகப் போய் ஜனங்களைச் சிரிக்கவைக்கிறான். முன்னாடி படை அனுப்பி ஊரை அழித்த அரசாங்கத்தின் ஜனங்களும் அழிக்கப்பட்ட ஊரின் ஜனங்களும் ஒரே முகாமில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று தெருக்காரர்களுக்கும் ஒரே அண்டாவில் சோறு வடித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

அதில் வெரோனிகா என்ற மந்திரக்காரச் சின்னப் பெண், மரம் விழுந்த நொடியில் தன் சக்தி முழுவதையும் செலவழித்து மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டு இறந்துபோகிறாள். அது ரொம்ப நேரம் கழித்துத்தான் நமக்குத் தெரியவருகிறது. அவளுடைய இரட்டைச் சகோதரி செரீனா அழுது முடித்ததும் இடுப்பு வரை இருந்த கூந்தலை அறுத்துக் காற்றில் விடுகிறாள். அதற்கப்புறம் அந்தக் கதை முடியும்வரை குட்டை முடியோடுதான் வருகிறாள். ஒவ்வொரு சண்டையிலும் அது கண்ணில் படும். பட்டியலில் வெரோனிகாவின் இடமும் காலியாகவே இருக்கும்.

கதை முடிந்து பெயர்கள் ஓடியபிறகு மூன்றாவது பகுதி ஒன்று திறக்கிறது. நாயகன் மட்டும் காலத்தில் பின்னோக்கிப் போகிறான். மரம் விழாது, வெரோனிகா சாகமாட்டாள், செரீனா கூந்தலை அறுக்கமாட்டாள். விழுந்த உலகத்தில் நடந்த சில்வாண்டோவின் ஊர்வலம், முகாமில் சேர்ந்து சாப்பிட்டது எதுவும் நடக்காது. இதைச் செய்தவர்களின் எண்ணம் எனக்குப் புரிகிறது. எல்லாரும் பிழைக்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். புயலுக்கு முந்தின நாளுக்குப் போக வழி இருந்தால் நானும்தான் போவேன். ஆனால் அத்தனை மணி நேரம் அந்தத் துக்கத்தைச் சுமக்கவைத்தவர்கள், சுமந்த நடையையும் சேர்த்தே அழித்துவிட்டார்கள். நான் அதையும் முடித்தேன். முடித்த அன்று சந்தோஷமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை.

அதனால் முதல் சேவ் பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறேன். மூன்றாவது பகுதி திறப்பதற்கு முந்தைய சேவ் அது. மருமகன் எப்போதாவது ஸ்விட்ச்சை எடுத்து, "ரெண்டு சேவ் இருக்கே மாமா, பழசை அழிச்சுடட்டுமா? இடம் மிச்சமாகும்" என்பான். வேண்டாம்டா, அதில் செரீனாவுக்குக் குட்டை முடி என்பேன்.